புது கம்ப்யூட்டர் கூட்டியாச்சு, விண்டோஸ் ஏறமாட்டீங்குது: கேள்வி பதில்

கேக்கறவங்களுக்கு முதல்லயே ஒண்ணு சொல்லிடறேங்க. "விண்டோஸ் ஏறலை"ன்னு மட்டும் எழுதினா பதில் சொல்ல வழியில்லை. எங்க நிக்குதுன்னு எழுதுங்க. படமே வரலையா, பென்டிரைவ் தெரியலையா, டிஸ்க் தெரியலையா, பாதி காப்பியில நிக்குதா, ஏறி முடிஞ்சு சண்டித்தனம் பண்ணுதா? அஞ்சுக்கும் வைத்தியம் வேற வேற. எங்க நிக்குதுன்னு பாக்காம திரும்பத் திரும்ப இன்ஸ்டால் போட்டா பொழுதுதான் போகும்.

திருப்பூர், பேட்டர்ன் டிசைனர்: அண்ணா, ரைசன் 5 5600, பி450 போர்டு, 16 ஜிபி ராம். ஃபேன் எல்லாம் சுத்துதுங்க. மானிட்டர்ல "நோ சிக்னல்". எச்டிஎம்ஐ வயரை போர்டுலதான் குத்தியிருக்கேன். போர்டு போயிருச்சுங்களா?

போர்டைத் திட்டாதீங்க தம்பி. 5600ல உள் கிராபிக்ஸ் கிடையாது. அந்த வரிசையில 5600ஜி மாதிரி பேர் கடைசியில "ஜி" இருந்தாத்தான் போர்டு எச்டிஎம்ஐல படம் வரும். இன்டெல்ல இதுக்குத் தலைகீழ்: 12400எஃப் மாதிரி "எஃப்" இருந்தா உள் கிராபிக்ஸ் இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தா வயரைக் கார்டுல குத்துங்க. கார்டுல 6 பின், 8 பின் பவர் கேட்டா அதையும் மறக்காம குடுங்க.

அதுக்கும் வரலைன்னா இன்னொரு சந்தேகம் இருக்கு. பி450 போர்டு 2018ல வந்தது, ரைசன் 5000 வரிசை 2020 கடைசியில வந்தது. கடையில பழைய சரக்கு எடுத்திருந்தா அதோட பயாஸுக்கு (போர்டை எழுப்பற உள் சாஃப்ட்வேர்) உங்க பிராசசரையே தெரியாது. போர்டு பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கான்னு பாருங்க. இருந்தா தப்பிச்சீங்க: பென்டிரைவை ஃபேட்32ல ஃபார்மட் பண்ணி, பயாஸ் ஃபைலுக்கு மேனுவல்ல சொன்ன பேரை வெச்சு, அதுக்குன்னு குறிச்ச யூஎஸ்பி ஓட்டையில குத்தி பட்டனை அமுக்கினா, பிராசசர் இல்லாமலே அப்டேட் ஆகும். பட்டன் இல்லைன்னா பழைய ரைசன் ஒண்ணை இரவல் வாங்கித்தான் அப்டேட் பண்ணணும், இல்லைன்னா கடைக்காரர்கிட்டயே குடுத்துப் பண்ணித்தரச் சொல்லுங்க. நடுவுல கரண்ட் போனா போர்டு செத்த மாதிரிதான், அதனால யுபிஎஸ் இல்லாம பயாஸ் பக்கம் போகாதீங்க.

டிடிஆர்5 ராம் போட்டவங்களுக்கும் சேத்தியே சொல்லிடறேன். முதல் தடவை ஆன் பண்ணும்போது ராமைப் பழக்கிக்க 2-3 நிமிஷம் எடுக்கும், ராம் அதிகமா இருந்தா 10 நிமிஷம்கூட ஆகும். அதுவரைக்கும் திரை கருப்பாத்தான் இருக்கும். பதறிப்போய் நடுவுல ஆஃப் பண்ணினா மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

பெருந்துறை, கல்லூரி மாணவி: விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ இறக்கி பென்டிரைவ்ல காப்பி பண்ணிட்டேங்ணா. பூட் மெனுவுல பென்டிரைவ் வரவேயில்லை.

ஐஎஸ்ஓங்கறது விண்டோஸ் முழுசையும் ஒரே ஃபைலாக் கட்டி வெச்சது, அப்படியே காப்பி பண்ணினா அது பூட் ஆகாதும்மா. மூட்டையைப் பிரிக்காம வெச்ச மாதிரி. மைக்ரோசாஃப்ட் தர்ற மீடியா கிரியேஷன் டூல், இல்லைன்னா ரூஃபஸ், ரெண்டுல ஒண்ணுல எழுதணும். பென்டிரைவ் குறைஞ்சது 8 ஜிபி, அதுல இருக்கறதெல்லாம் அழிஞ்சிரும். ரூஃபஸ்ல பார்ட்டிஷன் முறை ஜிபிடி, டார்கெட் சிஸ்டம் யூஇஎஃப்ஐ (புது வகை பயாஸ்)ன்னு இருக்கணும். சிலர் ஐஎஸ்ஓவைப் பிரிச்சு ஃபேட்32 பென்டிரைவ்ல கையாலயே போடுவாங்க. அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகக் கூடாது, ஆனா விண்டோஸோட முக்கியமான இன்ஸ்டால் ஃபைல் பெரும்பாலும் அதைத் தாண்டிரும். அதனாலதான் "ஃபைல் டூ லார்ஜ்"னு நிக்கும்.

பூட் மெனு கீ: ஏசூஸ்ல எஃப்8, எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக்ல எஃப்11, கிகாபைட்ல எஃப்12. பென்டிரைவ் பேர் ரெண்டு தடவை வந்தா, முன்னாடி "யூஇஎஃப்ஐ"ன்னு இருக்கறதைத் தேர்ந்தெடுங்க. மத்ததைத் தொடாதீங்க.

சோமனூர், விசைத்தறி கணக்கு எழுதறவர்: இன்டெல் 12ஆம் தலைமுறை, புது 500 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி. எந்த டிஸ்க்ல போடறதுன்னு கேக்கற இடத்துல லிஸ்ட் காலியா இருக்குதுங்க. எஸ்எஸ்டியை மாத்திக் குடுங்கன்னு கேட்டா கடையில "எங்ககிட்ட ஓடுது"ங்கறாங்க.

ரெண்டு பேரும் உண்மைதாங்க சொல்றீங்க. முதல்ல பயாஸுக்குள்ள போய் அங்க எஸ்எஸ்டி பேர் தெரியுதான்னு பாருங்க. வழி அங்கதான் ரெண்டாப் பிரியுது.

பயாஸ்ல தெரியுது, விண்டோஸ் செட்டப்ல மட்டும் தெரியலைன்னா, இன்டெல்லோட விஎம்டிங்கற வசதி ஆன்ல இருக்கும். எஸ்எஸ்டியை அது தன் கைக்குள்ள எடுத்துக்கும், அதுக்கான டிரைவர் செட்டப்புல இருக்காது. ஒரே ஒரு எஸ்எஸ்டி, ரெய்டு (பல டிஸ்க்கைச் சேத்து ஒண்ணா ஓட்டறது) எதுவும் இல்லைன்னா பயாஸ்ல விஎம்டியை ஆஃப் பண்ணுங்க, வேலை முடிஞ்சுது. விஎம்டி ஆன்லயே இருக்கணும்னா இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை வேற கம்ப்யூட்டர்ல இறக்கி பென்டிரைவ்ல வெச்சு, "லோட் டிரைவர்" அமுக்கிக் காட்டணும். பலபேர் தப்பு பண்றது இங்கதான்: இறக்கின செட்டப் ஃபைலை அப்படியே வெச்சா செட்டப்புக்குக் கண்ணு தெரியாது, அதைப் பிரிச்சு உள்ள இருக்கற டிரைவர் ஃபோல்டரை வெக்கணும்.

ஒரு எச்சரிக்கை. விஎம்டியை எப்படி வெச்சு விண்டோஸ் போட்டீங்களோ அப்படியே விட்டுருங்க. ஏத்தின பொறவு மாத்தினா "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்"னு நீலத்திரை வரும்.

பயாஸ்லயே தெரியலைன்னா மூணு காரணம். ஒண்ணு, எம்.2ல ரெண்டு சாதி உண்டு: சாட்டா, என்விஎம்இ. வடிவம் ஒண்ணுதான். என்விஎம்இ மட்டும் எடுக்கற ஓட்டையில சாட்டா எஸ்எஸ்டியைக் குத்தினா நல்லாவே உக்காரும், ஆனா ஓடாது. பல்லுல ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டுன்னா என்விஎம்இ. ஸ்டிக்கரைப் படிச்சா சந்தேகமே வேண்டாம். ரெண்டு, சில போர்டுல ரெண்டாவது எம்.2 ஓட்டையும் சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கும், ஒண்ணு ஓடினா இன்னொண்ணு படுத்துக்கும். மேனுவல்ல எந்த ஓட்டை எதோட பங்குன்னு அட்டவணையே இருக்கும். மூணு, சரியா உக்காரலை. சாய்வா வெச்சு உள்ள தள்ளி, அப்புறம் படுக்க வெச்சு ஸ்க்ரூ போடணும். தங்க நிறப் பல்லு வெளிய தெரிஞ்சா இன்னும் போகலைன்னு அர்த்தம்.

கரூர், ஜவுளி ஏற்றுமதி அலுவலகம்: பழைய 1 டிபி ஹார்டு டிஸ்க்கையும் புது மெஷின்ல மாட்டியிருக்கோம். "எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள்... ஜிபிடி டிஸ்க்ல மட்டும்தான்" அப்படின்னு ஏதோ சொல்லி நிக்குது. அந்த டிஸ்க்ல மூணு வருஷ டேலி கணக்கு இருக்குதுங்க.

அப்ப முதல் வேலை, மெஷினை ஆஃப் பண்ணி அந்த ஹார்டு டிஸ்க்கோட சாட்டா வயரையும் பவரையும் கழட்டி வெக்கறது. அதை முடிச்சுட்டு மேல படிங்க.

இப்ப புது எஸ்எஸ்டி மட்டும் இருக்கும். எம்பிஆர்ங்கறது டிஸ்க்கைப் பிரிக்கற பழைய முறை, ஜிபிடி புது முறை. எஸ்எஸ்டியிலயும் அதே செய்தி வந்தா, செட்டப் திரையில ஷிஃப்ட்டும் எஃப்10ம் சேத்து அமுக்குங்க, கருப்பு ஜன்னல் திறக்கும். டிஸ்க்பார்ட்னு அடிச்சு என்டர். லிஸ்ட் டிஸ்க்னு அடிச்சா அளவோட லிஸ்ட் வரும், பென்டிரைவும் அதுல ஒண்ணா இருக்கும். அளவை வெச்சு எஸ்எஸ்டி எந்த எண்ணுன்னு உறுதி பண்ணுங்க. 0ன்னா செலக்ட் டிஸ்க் 0. பொறவு கிளீன், அடுத்து கன்வெர்ட் ஜிபிடி. கிளீன் போட்டா "நிசமாவா?"ன்னு ஒரு வார்த்தைகூடக் கேக்காது. எண் தப்பினா போச்சு. அதுக்குத்தான் வயரைக் கழட்டச் சொன்னது.

கழட்ட இன்னொரு காரணமும் இருக்கு. ரெண்டு டிஸ்க் இருந்தா சில சமயம் விண்டோஸை எஸ்எஸ்டியில போட்டுட்டு, பூட் ஆகற சின்னப் பார்ட்டிஷனை பழைய டிஸ்க்ல வெச்சுப்போடும். நாலு மாசம் கழிச்சு அந்த ஹார்டு டிஸ்க் செத்தா எஸ்எஸ்டி நல்லா இருந்தும் மெஷின் எழுந்திரிக்காது. விண்டோஸ் முழுசா ஏறின பொறவு பழைய டிஸ்க்கை மாட்டுங்க, கணக்கு அப்படியே இருக்கும்.

பீளமேடு, கல்லூரி மாணவர்: புத்தம்புது ஐ5. "திஸ் பிசி கான்ட் ரன் விண்டோஸ் 11"ங்குது. ரூஃபஸ்ல டிபிஎம் சோதனையை எடுத்துட்டுப் போட்டுரட்டுங்களா?

வேண்டாம் தம்பி. டிபிஎம்ங்கறது விண்டோஸ் 11 கேக்கற பாதுகாப்பு வசதி, அது உங்க மெஷின்லயே இருக்கு. வசதி இருக்கறவன் ஏன் கொல்லைப்புறமாப் போகணும்? பயாஸ்ல இன்டெல் பிடிடியை ஆன் பண்ணுங்க, ஏஎம்டியில அதுக்குப் பேர் எஃப்டிபிஎம். சிஎஸ்எம்மை (பழைய பயாஸ் முறையில பூட் ஆகற வசதி) ஆஃப், செக்யூர் பூட்டை ஆன். முடிஞ்சுது. சிஎஸ்எம் ஆஃப் பண்ணினதும் படம் போயிருச்சுன்னா கிராபிக்ஸ் கார்டு ரொம்பப் பழசு, யூஇஎஃப்ஐ தெரியாத கார்டு. பவர் வயரைக் கழட்டி, போர்டுல இருக்கற சிஆர்2032 பேட்டரியை 5 நிமிஷம் எடுத்து வெச்சா பயாஸ் பழைய நிலைக்கு வரும்.

பல்லடம், தறிக்குடோன் வீடு: ஒருக்கா 37 சதவீதத்துல நிக்குது, ஒருக்கா 82ல. 80070570ன்னு எண் வருது. பென்டிரைவை மூணு தடவை மாத்திட்டேனுங்க.

நிக்கற இடம் ஒவ்வொரு தடவையும் மாறுதுன்னு எழுதினீங்க பாருங்க, அதுதான் துப்பு. ஒரே இடத்துல நின்னா ஐஎஸ்ஓ, பென்டிரைவ் மேல சந்தேகம். மாறி மாறி நின்னா ராம் மேல. காப்பி ஆகற ஃபைல் எல்லாம் ராம் வழியாத்தான் போகுது, நடுவுல ஒரு எழுத்து மாறினாலும் "ஃபைல் கெட்டுப்போச்சு"ன்னு விண்டோஸ் சொல்லும்.

பயாஸ்ல ராம் வேகத்தை ஏத்தற எக்ஸ்எம்பி, ஏஎம்டின்னா எக்ஸ்போ, ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க. ராம் பெட்டியில 6000ன்னு போட்டிருக்கறது ஓவர்கிளாக் வேகம், பிராசசரும் போர்டும் தாங்கினாத்தான். முதல்ல மெதுவான வேகத்துல விண்டோஸ் போட்டு, வேகத்தைப் பொறவு ஏத்திக்கலாம். ரெண்டு ராம்னா பிராசசர்ல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஓட்டையில போடுங்க. அப்பவும் வந்தா ஒரே ராமோட போட்டுப் பாருங்க, அடுத்து இன்னொண்ணு. ராமைச் சோதிக்கற மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவ்ல எழுதி ராத்திரி ஓட விடுங்க. நாலு சுற்றுல ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை மாத்தியே ஆகணும். ஒண்ணுதானேன்னு விடாதீங்க.

தறிக்குடோன் பக்கம் இன்னும் ரெண்டு விசயம். பஞ்சுத் தூசி ராம் ஓட்டைக்குள்ள அடைஞ்சாலும் இதே கூத்துதான், புளோயர்ல ஊதிட்டு ராமை மாட்டுங்க. அடுத்தது எர்த். கேபினெட்டைத் தொட்டா சுர்ருன்னுதுன்னா எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல வோல்ட் பாக்கச் சொல்லுங்க. 3 வோல்ட்டுக்கு மேல இருந்தா முதல்ல எர்த்தைச் சரி பண்ணணும். யுபிஎஸ்ஸும் வெறும் 600 விஏன்னா பொதுவா 360 வாட்தான் தரும். கணக்கு மெஷினுக்குப் போதும், பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட மெஷினுக்குப் பத்தாது, கரண்ட் போன நிமிஷமே அதுவும் சேந்து படுத்துரும்.

கோபிசெட்டிபாளையம், ஓய்வு பெற்ற ஆசிரியர்: தம்பி, எல்லாம் ஏறி ரீஸ்டார்ட் ஆகுது. மறுபடியும் முதல்ல இருந்து "லேங்குவேஜ்" கேக்குது. நாலாவது ரவுண்டு.

பென்டிரைவைப் பிடுங்குங்க ஐயா. முதல் ரீஸ்டார்ட் ஆகும்போதே எடுத்துரணும், இல்லைன்னா மெஷின் மறுபடி அதுல இருந்தே எழுந்திரிக்கும். பயாஸ்ல "விண்டோஸ் பூட் மேனேஜர்"ங்கறதை முதல் இடத்துல வெச்சுருங்க.

கணபதி, ஃபிரீலான்சர்: இன்டர்நெட் இணைக்கச் சொல்ற பக்கத்துல மாட்டிக்கிட்டேங்க. வைஃபை ஒண்ணுமே காட்டலை, லேன் வயரும் வேலைக்காகலை.

உங்க நெட்வொர்க் சிப்புக்கு டிரைவர் இன்னும் உள்ள இல்லை. இன்டர்நெட் இல்லாம அந்தப் பக்கத்தைத் தாண்டற சுருக்கு வழியெல்லாம் தேடாதீங்க, அதுல பலதை மைக்ரோசாஃப்ட் அடைச்சுட்டே வருது. ஆண்ட்ராய்டு போனை டேட்டா வயர்ல குத்தி யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க. லேன் மாதிரியே எடுத்துக்கும். உள்ள போனதும் போர்டு கம்பெனி பக்கத்துல இருந்து முதல்ல லேன், வைஃபை, அடுத்து சிப்செட் டிரைவர் போடுங்க. சார்ஜ் மட்டும் ஏத்தற வயர்ல இது நடக்காது.

திருப்பூர், எம்ப்ராய்டரி யூனிட்: எங்க டிசைன் சாஃப்ட்வேர் விண்டோஸ் 7லதான் ஓடும். புது 13ஆம் தலைமுறை மெஷின்ல 7 போட முடியுங்களா?

நேரடியாப் போட நினைக்காதீங்க. 7க்கு என்விஎம்இயும் தெரியாது, யூஎஸ்பி 3ம் தெரியாது. செட்டப் திரை வந்தாலும் மவுஸ் நகராது. இந்தத் தலைமுறை உள் கிராபிக்ஸுக்கு 7க்கான டிரைவரே இன்டெல் விடலை. 2020 ஜனவரியோட 7க்குப் பாதுகாப்பு அப்டேட்டும் நின்னு போச்சு.

ரெண்டு வழி இருக்கு. புது மெஷின்ல விண்டோஸ் 11 போட்டு, உள்ள வர்ச்சுவல்பாக்ஸ்ல (கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டற சாஃப்ட்வேர்) 7ஐ ஓட விடலாம். டாங்கிள் (சாஃப்ட்வேர் லைசென்ஸுக்குக் குத்தற யூஎஸ்பி சாவி) இருந்தா அது உள்ள தெரியுதான்னு முதல்ல சோதிங்க, அது தெரியலைன்னா மிச்ச வேலையே வீண். எம்ப்ராய்டரி மெஷினுக்கு டிசைன் பென்டிரைவ்ல போகுதுன்னா இந்த வழி போதும். நேரடி வயர்ல போகுதுன்னா இன்டெல் 4ஆம் தலைமுறை பழைய மெஷின் ஒண்ணை அதுக்குன்னே வாங்கி, இன்டர்நெட் குடுக்காம தனியா வெச்சுக்கறதுதான் நல்லது.

பொள்ளாச்சி, புரோகிராமர்: விண்டோஸ் 11 பக்கத்துலயே உபுண்டு 24.04 போட்டேங்ணா. உபுண்டுல என்விடியா கார்டுக்குக் கருப்புத் திரை. விண்டோஸுக்குத் திரும்பினா மணி தப்பாக் காட்டுது.

கருப்புத் திரைக்கு: உபுண்டுவா விண்டோஸான்னு கேக்கற கிரப் மெனுவுல "இ" அமுக்கி, லினக்ஸ்னு ஆரம்பிக்கற வரி கடைசியில நோமோட்செட்னு சேத்து எஃப்10 அமுக்குங்க. உள்ள போனதும் "அடிஷனல் டிரைவர்ஸ்"ல என்விடியா டிரைவர் போடுங்க. செக்யூர் பூட் ஆன்ல இருந்தா ஒரு பாஸ்வேர்டு கேக்கும். அடுத்த ரீஸ்டார்ட்ல வர்ற நீலப் பக்கத்துல "என்ரோல் எம்ஓகே" எடுத்து அதையே குடுக்கணும். அந்தப் பக்கத்தை அவசரத்துல தாண்டிட்டா டிரைவர் ஏறாது, பொறவு கார்டு மேல பழி போடுவீங்க.

விண்டோஸ்ல மணி சரியா 5.30 மணி நேரம் பின்னாடி இருக்குமே? போர்டு கடிகாரத்துல விண்டோஸ் நம்ம நேரத்தை எழுதுது, உபுண்டு கிரீன்விச் நேரத்தை எழுதுது. உபுண்டு டெர்மினல்ல டைம்டேட்சிடிஎல், இடம் விட்டு செட்-லோக்கல்-ஆர்டிசி, இடம் விட்டு 1. முன்னாடி சூடோ போட்டுக்குங்க. பொறவு விண்டோஸ்ல ஒருக்கா "சிங்க் நவ்" அமுக்குங்க. மணி மட்டும் 20 நிமிஷம், ரெண்டு மணி நேரம்னு ஒழுங்கில்லாம தப்பினா அது உபுண்டு வேலை இல்லை, போர்டு பேட்டரியை மாத்துங்க.