கோட்டைக்குள் யாரை வைப்பது?

கேள்வி: ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ கணினி ஆட்டத்தில் எதிரியின் ஸ்கவுட் (வேவு) குதிரைகள் வந்தவுடன் மணியடித்து வில்லேஜர்கள் (உணவும் மரமும் சேர்க்கும் ஊர்மக்கள்) எல்லோரையும் டவுன் சென்டருக்குள் (ஊரின் மையக் கட்டடம்) அனுப்பிவிடுகிறேன். ஒருவரும் சாவதில்லை. ஆனாலும் பின்தங்கிவிடுகிறேனே, ஏன்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அந்த மணியால்தான். நான்கே குதிரைகள் வந்து உங்கள் ஊர் முழுவதையும் வேலைநிறுத்தம் செய்ய வைத்துவிட்டுப் போகின்றன. ஒரு வில்லேஜர் விநாடிக்குத் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு உணவோ மரமோ சேர்ப்பார். 20 பேர் அரை நிமிடம் முடங்கினால் 200 போச்சு. நான்கு புது வில்லேஜர்களின் விலை அது. போக வர நடக்கும் நேரம் தனிக் கணக்கு. டவுன் சென்டரில் 15 பேருக்குத்தான் இடம் என்பதால் மீதிப் பேர் வெளியே திண்டாடுவார்கள்.

தாக்கப்படும் கூட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, டவுன் சென்டர் மேல் வலது கிளிக் செய்யுங்கள். மற்றவர்கள் வேலையைத் தொடரட்டும். ஆளில்லாத டவுன் சென்டர் அம்பே விடாது. எத்தனை பேரை அடைத்தாலும் 10 அம்புக்கு மேல் போகாது. அருகில் மேயும் குதிரைகளை விரட்ட ஐந்தாறு பேர் போதும். தூரத்து மரவெட்டிகளுக்கு இரண்டு ஈட்டிக்காரர்கள்தான் துணை. அவர்களை ஊருக்குள் ஓடிவரச் சொன்னால் வழியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: அதே ஆட்டத்தில் கேஸில் (கோட்டை) நிறைய வாள்வீரர்களை வைத்தும் எதிரியின் ரேம்கள் (சுவர் இடிக்கும் இயந்திரங்கள்) அதை இடித்துவிட்டன. எங்கே தவறு?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: கேஸிலுக்குச் சொந்தமாக 5 அம்புகள் உண்டு. உள்ளே 20 பேர் வரை போகலாம். அம்புகள் 21 வரை கூடும். ஆனால் அம்பைக் கூட்டுபவர்கள் வில்லாளிகளும் வில்லேஜர்களும்தான். வாளும் ஈட்டியும் உள்ளே இருந்து ஒன்றும் செய்வதில்லை. தவிர, ரேம் மீது அம்பு ஏறவே ஏறாது, 21 விட்டாலும் கீறல்தான். ரேமை உடைப்பது கைச்சண்டை. ஆகவே வாள்வீரர்களை உள்ளே வைப்பது ஒளித்துவைக்கத்தான்: ரேம்கள் சுவரைத் தொட்டதும் வெளியே விட்டு வெட்டச் சொல்லுங்கள். கேஸிலின் உயிர் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் உள்ளே இருப்பவர்கள் தானாகவே வெளியே தள்ளப்படுவார்கள். அதுவரை காத்திருந்தால் கேஸிலும் போகும், வீரர்களும் போவார்கள்.

எதிரி டிரெபுஷே (தூரத்திலிருந்து கல்லெறியும் இயந்திரம்) கொண்டுவந்தால் இந்த யோசனையும் பலிக்காது. அதன் வீச்சு 16 கட்டம். கேஸிலின் அம்பு அந்தத் தூரத்தை எட்டாது. அப்போது வேண்டியது குதிரைப்படை. டவுன் சென்டரிலும் டவரிலும் (காவல்கோபுரம்) குதிரை நுழையாது, கேஸிலில் நுழையும். அடிபட்ட குதிரைகளை அங்கேயே தேற்றி, அங்கிருந்தே ஏவலாம்.

கேள்வி: ‘சிவிலைசேஷன் 6’ ஆட்டத்தில் எல்லைநகரைக் காக்க ஒரு படை போதுமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: இரண்டாக வையுங்கள். நகருக்குள் வில்லாளி, வெளியே பக்கத்துக் கட்டத்தில் கைச்சண்டைப் படை. எதிரி நகரைச் சுற்றி வளைத்துவிட்டால் நகரம் தன் காயத்தை ஆற்றிக்கொள்ள முடியாது. வெளியே நிற்கும் படை அந்த வளையத்தை மூடவிடாமல் தடுக்கிறது. நகரம் விழுந்தால் உள்ளிருக்கும் படையும் அதோடு அழியும் என்பதால் விலையுயர்ந்த படையை உள்ளே வைக்காதீர்கள். ‘ரைஸ் அண்ட் ஃபால்’ என்ற கூடுதல் தொகுப்பு இருந்தால் லிமிடனேய் என்ற கொள்கை அட்டையைப் போடுங்கள்: காவற்படை உள்ள நகருக்கு உங்கள் மீதான விசுவாசம் ஒவ்வொரு சுற்றிலும் 2 கூடும். அதற்குப் ஆட்டத் தொடக்கத்தில் கிடைக்கும் பழைய வாரியர் படையே போதும்.