மாருதி 800 வாட்டர் வாஷுக்கு அப்புறம் இஞ்சின் மிஸ்ஸிங் (சிலிண்டர் சரியா அடிக்காம உதறுறது)

கார்புரேட்டர்ல (பெட்ரோலையும் காத்தையும் கலக்குற பார்ட்) கைய வைக்காதீங்க, மொதல்ல டிஸ்ட்ரிப்யூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட் பிரிச்சு விடுற பார்ட்) கேப்ப கழட்டி பாருங்க. இஞ்சின் மேல பிரஷர்ல தண்ணி அடிச்சதுல இருந்து வண்டி உதறுது, ஆக்ஸிலேட்டர் குடுத்தா ஆஃப் ஆகுதுன்னா பெரும்பாலும் கேப்புக்குள்ள ஈரம் தான், கரண்ட் பிளக்குக்கு போகாம அது வழியா லீக் ஆயிடும், மூணே சிலிண்டர் இருக்குற வண்டில ஒண்ணு அடிக்கலன்னாலே ஸ்டியரிங் வரைக்கும் ஆடும்.

இக்னிஷன் ஆஃப் பண்ணிட்டு, வயர் எதையும் புடுங்காம கேப்ப மட்டும் எடுத்து, அதோட உள்பக்கம், கேப்புக்கு அடியில சுத்துற ரோட்டர் ரெண்டையும் காஞ்ச காட்டன் துணில தொடைங்க. பென்சில் கோடு மாதிரி கருப்பா ஓடியிருந்தா தொடைச்சு பிரயோஜனம் இல்ல, கேப் மாத்தணும்.

அப்பவும் உதறுனா ராத்திரி இருட்டுல பானட் தொறந்து ஸ்டார்ட் பண்ணி பாருங்க, பிளக் வயர் மேல நீலமா பொறி தெரிஞ்சா வயர் செட் போச்சு. ஓடும்போது வயர தொட்றாதீங்க, ஷாக் செமயா அடிக்கும்.

இதெல்லாம் கார்புரேட்டர் மாடலுக்கு தான், எம்பிஎஃப்ஐன்னா (கார்புரேட்டருக்கு பதிலா இன்ஜெக்டர்ல பெட்ரோல் அடிக்கிற மாடல்) சென்சார் கனெக்டர்லயும் தண்ணி பாக்கணும்.