கேள்வி–பதில்: மனித உரிமைச் சட்டம் படிக்க வெளிநாடு போகலாமா?

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. நம் பிள்ளைகள் சட்டமும் மனித உரிமையும் படிக்க வெளிநாடு செல்வதும், வெளிநாட்டு மாணவர்கள் நம் தோட்டங்களுக்கு ஆய்வு செய்ய வருவதும் பற்றிய கேள்விகள் அவை. ஆகவே இந்த இதழின் பக்கத்தை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் மகள் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்து, ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். மனித உரிமைச் சட்டத்தில் ஓராண்டு முதுகலை படிக்க வெளிநாடு போக வேண்டும் என்கிறாள். “அந்தப் படிப்பால் நம் ஊருக்கு என்ன பயன்?” என்று அவள் தந்தை கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, தங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு நடந்த ஒரு செய்தியையே பதிலாகச் சொல்கிறேன்.

1965 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்துத் தெற்காசிய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டீட்ரிச் கான்ராட் என்ற சட்டப் பேராசிரியர், காசியிலுள்ள பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகச் சட்டத்துறையில் ஓர் உரை ஆற்றினார். அரசமைப்பைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்றாலும், அந்த அதிகாரத்துக்கு எழுதப்படாத எல்லை ஏதும் இல்லையா என்பதே அவர் எழுப்பிய வினா. ஹிட்லர் காலத்தில் சட்டத்தின் பெயராலேயே அரசமைப்பு வெறும் கூடாக்கப்பட்டதைக் கண்ட நாடு ஜெர்மனி. 1949இல் அந்நாடு இயற்றிய அடிப்படைச் சட்டம், மனித மாண்பு உள்ளிட்ட சில கோட்பாடுகளை எந்தத் திருத்தமும் தொட முடியாது என்று வரையறுத்தது. அந்தப் பட்டறிவோடு வந்தவரின் உரையை எம். கே. நம்பியார் என்ற மூத்த வழக்கறிஞர் 1967இல் தீர்ப்பான கோலக்நாத் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் எடுத்துவைத்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1973இல், 13 நீதிபதிகள் அமர்ந்த கேசவானந்த பாரதி வழக்கில், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் அழிக்க முடியாது என்று ஏழுக்கு ஆறு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது.

மலேசிய நீதிமன்றங்கள் இக்கோட்பாட்டைப் பல ஆண்டுகள் ஏற்கத் தயங்கின. 2017இல் செமினி ஜெயா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அதைக் கையில் எடுத்தது. அரசு கையகப்படுத்தும் நிலத்துக்கு எவ்வளவு இழப்பீடு என்பதை முடிவு செய்யும் அதிகாரம் நீதிபதிக்கே உரியது, மதிப்பீட்டாளர்களுக்கு அன்று, நீதி வழங்கும் அதிகாரம் அரசமைப்பின் அடிப்படைக் கூறு என்றது அத்தீர்ப்பு. மறு ஆண்டு ஜனவரி 29ஆம் நாள், இந்திரா காந்தி என்ற மலேசியத் தாய் தொடுத்த வழக்கில் வழங்கப்பட்ட தீர்ப்பு அதே வழியில் நின்று, பெற்றோர் இருவரின் ஒப்புதல் இல்லாமல் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்று கூறியது. அந்தத் தாய் நமக்குத் தொலைவில் உள்ளவர் அல்லர்; நாம் பேருந்தேறிப் போய்வரும் ஈப்போவைச் சேர்ந்தவர். பின்னாளில் இக்கோட்பாட்டின் வரம்பு குறித்து நீதிபதிகளிடையே கருத்து வேறுபாடு எழுந்தது உண்மைதான். எனினும், காசியில் ஒரு பல்கலைக்கழக அறையில் பேசப்பட்ட கருத்து, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஈப்போவின் ஒரு தாய்க்கு நீதி கிடைத்த தீர்ப்பு வரை வந்து சேர்ந்திருக்கிறது. கான்ராட் இந்தியாவுக்கு வராமல் இருந்திருந்தால், அவர் உரையை ஒரு வழக்கறிஞர் படிக்காமல் இருந்திருந்தால், இந்த வரலாறு வேறு விதமாக அமைந்திருக்கக்கூடும். சட்டப் படிப்பில் நாடு விட்டு நாடு போகும் பரிமாற்றத்தின் பயனை நான் இங்கேதான் காண்கிறேன்.

ஆனால் தங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். பிறர் கேள்விகளை மட்டும் கற்றுத் திரும்புவதற்காக அவர் போக வேண்டாம். நம் ஊரின் கேள்வியொன்றை உடன் கொண்டு போகட்டும். ஓய்வு பெற்ற மறுநாளே தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டிய தொழிலாளிக்கு என்ன உரிமை? 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, அடிப்படை வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. வேலை முடிந்தபின் அந்தக் குடும்பம் எங்கே போகும் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாமல், அதனால் அடையாள அட்டையும் இல்லாமல் வளர்ந்த நம் பிள்ளைகளின் நிலை என்ன? இவற்றை எடுத்துக்கொண்டு வகுப்பில் அமர்ந்தால், பக்கத்து இருக்கையில் இலங்கை மலையகத்திலிருந்து வந்த மாணவர் இருக்கலாம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தமிழர்களில் எஞ்சியோர் குடியுரிமை பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்த கதையை அவர் தம் பாட்டியிடமிருந்தே கேட்டு அறிந்திருப்பார். ஒரே காலத்தில், ஒரே கங்காணி முறையில் கப்பலேறிய மக்களின் பேரப்பிள்ளைகள் இரு நாட்டுச் சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு நிகரான பாடம் எந்த நூலிலும் கிடைக்காது.

கேள்வி: வெளிநாட்டில் மனித உரிமை முதுகலை முடித்துவிட்டால் இங்கே வழக்கறிஞர் ஆகிவிடலாமா?
– படிவம் ஆறு மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: ஆக முடியாது. வழக்கறிஞராவதற்கு 1976ஆம் ஆண்டுச் சட்டத்தொழில் சட்டம் ஏற்கும் இளநிலைத் தகுதி வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தால் சிஎல்பி எனப்படும் சட்டத்தொழில் சான்றிதழ்த் தேர்வு தேவைப்படாது. அங்கீகரிக்கப்பட்ட வெளிநாட்டு இளநிலைப் பட்டம் என்றால் பெரும்பாலும் அத்தேர்வை எழுத வேண்டும். இரு வழியினரும் அதன்பின் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஒன்பது மாதம் பயிற்சி பெற வேண்டும். முதுகலைப் பட்டம் இவற்றில் எதற்கும் ஈடாகாது. பணம் கட்டுவதற்கு முன், எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் ஏற்கப்படுகிறது என்பதைச் சட்டத்தொழில் தகுதி வாரியத்தின் பட்டியலில் தாங்களே பாருங்கள். முகவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: மலேசியா பல மனித உரிமை ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடவே இல்லை. அப்படியிருக்க, அனைத்துலக மனித உரிமைச் சட்டத்தைப் படித்து வந்து இங்கே யாரிடம் பேசுவது?
– ஓர் இடைநிலைப்பள்ளி ஆசிரியர்

பதில்: ஐயா, கூற்றில் பெரும்பகுதி சரி. குடிமை, அரசியல் உரிமைகள் பற்றியது ஒன்று, பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றியது மற்றொன்று என்ற 1966ஆம் ஆண்டின் இரு பெரும் உடன்படிக்கைகளிலும், சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்திலும் நம் நாடு சேரவில்லை. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஒப்பந்தத்தை ஏற்கப்போவதில்லை என்று 2018இல் அரசு அறிவித்ததும் அனைவர் நினைவிலும் இருக்கும். ஆயினும் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஒப்பந்தத்திலும் குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்திலும் 1995இலும், மாற்றுத்திறனாளர் உரிமை ஒப்பந்தத்தில் 2010இலும் சேர்ந்திருக்கிறோம்.

சேர்ந்த ஒப்பந்தம் ஏட்டிலேயே கிடக்கவில்லை என்பதற்கு ஒரு வழக்கு போதும். கருவுற்றிருந்த காரணத்தால் தற்காலிக ஆசிரியர் நியமனத்தை இழந்த பெண்ணொருவர் தொடுத்த வழக்கில், 2011இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அது பாலினப் பாகுபாடே என்று தீர்ப்பளித்தது. அரசமைப்பின் 8ஆம் விதியில் 2001இல் சேர்க்கப்பட்ட பாலினம் என்ற சொல்லுக்குப் பொருள் காண, பெண்கள் ஒப்பந்தத்தையே அந்நீதிமன்றம் துணைக்கு அழைத்தது. அந்த ஒப்பந்தத்தைப் படித்த வழக்கறிஞர்கள் இங்கே இருந்தார்கள்; அதனால்தான் அது நீதிபதியின் மேசைக்கு வந்தது.

சேராத ஒப்பந்தங்களைப் படித்தவர்களுக்கும் இங்கே வேலை உண்டு. சுஹாகாம் எனப்படும் மலேசிய மனித உரிமை ஆணையத்தை அமைத்த 1999ஆம் ஆண்டுச் சட்டமே, எந்தெந்த ஒப்பந்தங்களில் சேரலாம் என்று அரசுக்குப் பரிந்துரைப்பதை ஆணையத்தின் பணிகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. அரசமைப்புக்கு முரண்படாத அளவில் 1948ஆம் ஆண்டின் அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் உலக நாடுகள் ஒன்றையொன்று முறைவைத்து ஆராயும்போது மலேசியாவும் ஆராயப்படுகிறது. 2009, 2013, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் அது நடந்தது. அப்போது இங்குள்ள அமைப்புகளும் தம் அறிக்கைகளை அனுப்பலாம். தோட்டப்புறத்தின் நிலையை அத்தகைய அறிக்கையில் உரிய முறையில் எழுத, அந்த முறையைக் கற்றவர் ஒருவராவது நம்மிடையே வேண்டாமா?

கேள்வி: மகனுக்கு இப்படிப்பில் ஆர்வம் உண்டு. நான் பால்மரம் வெட்டியவன். கையில் பெரிய தொகை இல்லை. சேமநிதிப் பணத்தை எடுத்துக் கொடுக்கலாமா?
– ஓய்வு பெற்ற தொழிலாளி

பதில்: கொடுக்க வேண்டாம், ஐயா. முதுமைக்கு வைத்திருக்கும் பணத்தைத் தொட்டுப் போக வேண்டிய படிப்பு அன்று இது. உபகாரச் சம்பளத்தோடு போக வழிகள் உள்ளன. பிரிட்டிஷ் அரசின் செவ்னிங் திட்டம் ஓராண்டு முதுகலைக்குக் கல்விக் கட்டணம், பயணம், தங்கும் செலவு ஆகியவற்றை ஏற்கிறது. இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறது. படிப்பு முடிந்ததும் தாய்நாட்டில் இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும் என்கிறது. இந்தக் கடைசி நிபந்தனையை நான் குறையாகவே கருதவில்லை. அமெரிக்காவின் ஃபுல்பிரைட் திட்டமும், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் திட்டமும் விசாரிக்கத் தக்கவை.

தொலைவு அச்சமாக இருந்தால் தாய்லாந்தின் மகிடோல் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அங்குள்ள மனித உரிமை, அமைதி ஆய்வு நிறுவனம் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான முதுகலைப் படிப்பை நடத்துகிறது. இத்தாலியின் வெனிஸ் நகரத்துத் தீவான லிடோவில் உள்ள பழைய மடாலயக் கட்டடத்தைத் தலைமையிடமாகக் கொண்ட உலகப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு ஒன்றின் அங்கம் அது. நம் அண்டை நாட்டு மாணவர்களோடு கலந்து படிப்பது, லண்டனில் படிப்பதைவிட நம் பிரச்சினைகளுக்கு நெருக்கமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

ஒரு எச்சரிக்கை. ஜாமீன் கேட்கும் கல்விக் கடன் எதுவானாலும், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். மேற்சொன்ன திட்டங்களுக்கு விண்ணப்பிக்க முகவர் தேவையே இல்லை.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர்கள் எங்கள் லயத்துக்கு வந்தார்கள். சம்பளம் எவ்வளவு, தண்ணீர் வருகிறதா, யார் யார் வீட்டில் பத்திரம் இல்லை என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பிள்ளைகளைப் படம் பிடித்தார்கள். மனித உரிமை ஆய்வு என்றார்கள். அதன்பின் ஒரு சேதியும் இல்லை. நாங்கள் சொன்னதெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?
– லயத்துவாசி ஒருவர்

பதில்: உண்டு, ஐயா. தங்கள் கடிதம் என்னை மிகவும் வருத்தியது. மனித உரிமையை ஆய்வு செய்ய வந்தவர்கள், தம்மிடம் பேசியவர்களின் உரிமையை மதிக்காமல் போனதை எந்த விளக்கமும் நியாயப்படுத்தாது.

மனிதரிடம் நடத்தும் ஆய்வுக்கு அவரது தன்னிச்சையான ஒப்புதல் இன்றியமையாதது என்பதை 1947இல் நியூரம்பெர்க் நீதிமன்றம் மருத்துவப் பரிசோதனை வழக்கில் வரையறுத்தது. மருத்துவத்தில் தொடங்கிய அந்த நெறி இன்று சமூக ஆய்வுக்கும் பொருந்துகிறது. பல்கலைக்கழகங்கள் ஆய்வு நெறிக்குழுக்களை வைத்திருக்கின்றன. மக்களைச் சந்திக்கும் ஆய்வென்றால், போவதற்கு முன்னரே அக்குழுவின் அனுமதியைப் பெறுவது வழக்கம். அதோடு, வெளிநாட்டு ஆய்வாளர் மலேசியாவில் ஆய்வு நடத்த மத்திய அரசின் அனுமதியும் வேண்டும் என்ற நடைமுறை நெடுங்காலமாக இருக்கிறது. பொருளாதாரத் திட்டமிடல் பிரிவு அதைக் கவனித்து வந்தது.

ஆகவே இனி யார் வந்தாலும் பேசத் தொடங்கும் முன் அந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆய்வின் நோக்கம் என்ன, பெயர் வெளிவருமா, குறிப்புகளை யார் வைத்திருப்பார்கள் என்பதைத் தங்களுக்குப் புரியும் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மறுக்கலாம், பாதியில் நிறுத்தலாம், சொன்னதைத் திரும்பப் பெறவும் கேட்கலாம். பிள்ளைகளைப் படம் எடுக்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பத்திரம் இல்லாதவர்களின் விவரத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை. அது தவறான கைக்குப் போனால், ஆய்வாளர் விமானமேறிய பிறகும் இங்கே இருப்பவர்தாம் அதன் விளைவைச் சந்திக்க வேண்டியிருக்கும்.

இம்முறை நடந்ததற்கும் ஒரு வழி இருக்கிறது. வந்தவர்களின் பெயர் அட்டையோ, அவர்கள் விட்டுச் சென்ற தாளோ யாரிடமாவது இருந்தால் அதிலுள்ள பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவர்கள் வந்த மாதம், ஆண்டு, எந்தத் தோட்டம், யாரிடம் பேசினார்கள் என்பவற்றை அதில் குறிப்பிடுங்கள். மூன்று கோரிக்கைகளை வையுங்கள்: எடுத்த படங்களின் நிலையைத் தெரிவிக்க வேண்டும், பத்திரம் இல்லாதவர்களின் பெயர்களை நீக்க வேண்டும், ஆய்வின் முடிவைத் தமிழில் சுருக்கி லயத்துக்கு அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் எழுத முதல் கடிதத்தில் குறிப்பிடப்பட்ட மகளைப் போன்ற சட்டப் பட்டதாரி ஒருவரின் உதவியை நாடுங்கள். கையெழுத்தைப் பேசியவர்களே போடட்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்குத் தெரிவியுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதை இப்பக்கத்திலேயே எழுதுகிறேன்.