ஓடுவதற்கான ஷூவை வழக்கமான சைஸிலேயே வாங்கலாமா?
செருப்புக்கு 8 என்றால் ஷூவுக்கும் 8தான் என்று எடுத்துவிடாதீர்கள். ஓட ஓடப் பாதம் வீங்கும், முன்னுக்கும் நகரும். அதனால் மாலையில், ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு கடைக்குப் போங்கள். நின்றபடி இரண்டு காலையும் அளக்கச் சொல்லுங்கள். பெரிய காலுக்குத்தான் ஷூ. மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும் (பலருக்கு நீளமானது பெருவிரல் அல்ல, இரண்டாம் விரல்). நீண்ட ஓட்டத்தில் நகம் கறுப்பது பெரும்பாலும் இந்த இடம் இல்லாததால்தான். சுண்டுவிரல் பக்கம் ஷூவின் மேல்துணி பிதுங்கினால் நீளத்தைக் கூட்டாதீர்கள். அதே சைஸில் அகலமானது கேளுங்கள், ஆண்கள் ஷூவில் '2E' என்று போட்டிருக்கும். குதிகால் நழுவினால் கடைசித் துளையிலும் லேஸைக் கோத்துப் பாருங்கள். 'போடப் போட லூஸாகிடும் சார்' என்று கடைக்காரர் சொன்னால், அந்த ஜோடியை அங்கேயே வைத்துவிடுங்கள்.