கினிப்பன்றி உணவைக் கவ்விவிட்டுக் கீழே போடுவது ஏன்?

ஆசையாக ஓடி வந்து கேரட்டைக் கவ்வுகிறது, அப்புறம் மெல்லாமல் போட்டுவிடுகிறது, அடம் பிடிக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அடம் என்றால் பக்கத்திலேயே வராது. பசி இருக்கிறது, மெல்ல முடியவில்லை. எனக்குப் பல்லில்தான் சந்தேகம்.

கினிப்பன்றிக்கு மொத்தம் 20 பற்கள். எல்லாமே வாழ்நாள் முழுக்க வளரும். உலர்ந்த புல்லை நாளெல்லாம் அரைத்தால்தான் கடைவாய்ப் பற்கள் தேயும். பெல்லட் தீவனம் நாலு கடியில் தூளாகிவிடும், தேய்மானம் போதாது. மரக்கட்டை கொடுத்தால் சரியாகும் என்பார்கள். அது முன்பல்லோடு சரி. தேயாத கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்து வளர்ந்து, நாக்கின் மேல் பாலம் போல மூடிவிடும். அப்புறம் எப்படி விழுங்கும்? இது வெளியே தெரியாது. முன்பல் அழகாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். தாடை ஈரமாக இருக்கிறதா, எடை குறைகிறதா என்று பாருங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்தாலே போதும்.

வைட்டமின் சி-யும் முக்கியம். நம்மைப் போலவே இதன் உடலும் அதைத் தயாரிக்காது. குறைந்தால் ஈறு பலவீனமாகிப் பல் ஆடும். தினம் கொஞ்சம் குடைமிளகாய் கொடுங்கள்.

உங்களுடையது இப்போதே சாப்பிட முடியாமல் தவிக்கிறது, அதனால் புல்லை மாற்றிப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அரை நாள் பட்டினி கிடந்தாலே குடல் இயக்கம் நின்றுபோகலாம். சிறு பிராணிகளைப் பார்க்கும் மருத்துவரிடம் இன்றே கொண்டு போங்கள்.