முடிவு தெரிந்த கதையை எதற்குப் படிப்பது?

கேள்வி: என் மனைவி வருஷத்துக்கு ஒருமுறையாவது அதே நாவலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். யார் சாகிறார்கள், யார் யாரைக் கட்டிக்கொள்கிறார்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் வாங்கிக் கொடுத்த முப்பது புத்தகங்கள் பிரிக்கப்படாமல் அலமாரியில் தூங்குகின்றன. முடிவு தெரிந்த கதையைத் திரும்பத் திரும்பப் படிப்பது நேர விரயம்தானே? நீங்களாவது நாலு வார்த்தை சொல்லுங்கள்.
(பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: சொல்கிறேன். ஆனால் அவருக்கு அல்ல, உங்களுக்கு.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, நேரம் வீணாகிறதே என்று கவலைப்படும் ஒரு மனிதர் தெரிந்தார். இரண்டாம் தடவைதான் 'நான் வாங்கிக் கொடுத்த' என்ற மூன்று சொற்கள் கண்ணில் பட்டன. முதல் தடவையும் அவை அங்கேதான் இருந்தன. கேள்வி என்ன என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில் தாண்டிப் போய்விட்டேன். உங்கள் மனத்தாங்கல் நேரத்தைப் பற்றியதே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. ஐந்து வாக்கியக் கடிதத்திலேயே இப்படி என்றால், ஐநூறு பக்க நாவலில் எவ்வளவு தாண்டியிருப்போம்!

முதல் வாசிப்பில் நம்மை இழுத்துக்கொண்டு ஓடுவது 'அப்புறம்?' என்கிற ஆவல். அதுவும் சுகம்தான், மறுக்கவில்லை. அந்த ஆவல் அடங்கிய பிறகுதான் அக்கம்பக்கம் பார்க்கத் தோன்றும்.

நான் பதினேழு வயதில் படித்த ஒரு நாவல். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அடுத்த இதழுக்கு வரும் கேள்வியெல்லாம் அதைப் பற்றியே இருக்கும். மகன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். வாசலில் நிற்கும் அப்பா "பணம் இருக்கா?" என்கிறார். இருக்கு என்கிறான். நாலு வரி தள்ளி மறுபடியும் "பணம் இருக்கா?" அச்சில் இரட்டித்துவிட்டது என்று நானே முடிவுகட்டி, இரண்டாவதைப் பென்சிலால் சுழித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு வைத்தேன். (பிழைதிருத்தும் வியாதி அப்போதே இருந்திருக்கிறது.) முப்பது வருஷம் கழித்து, மகளை வெளியூர் வேலைக்கு ரயிலேற்றிவிட்டு வந்த வாரத்தில், அதே பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். அந்த மனிதருக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை, அவ்வளவுதான். எனக்கும் அன்று ரயிலடியில் வரவில்லை. பென்சில் சுழி இன்னும் இருக்கிறது. அழிக்க மனசில்லை.

இது இந்தக் காலத்துச் சோம்பேறிகள் கண்டுபிடித்த பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 'நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு' என்பது 783ஆம் குறள். வள்ளுவர் அங்கே சொல்ல வந்தது நட்பை. பழகப் பழக இனிக்கும் நட்பு எப்படியிருக்கும் என்று காட்ட, படிக்கப் படிக்க இனிக்கும் நூலை உவமைக்கு எடுக்கிறார். தெரியாத ஒன்றை யாராவது உவமையாகச் சொல்வார்களா? நட்புக்குத்தான் விளக்கம் வேண்டியிருந்தது. மறுபடி படிக்கும் சுகம் அவர் சொல்லித் தெரிய வேண்டியதாக இல்லை. நன்னூல் இன்னும் கறார். பாடத்தை இருகால் கேட்டால் பிழை நீங்குமாம். முக்கால் கேட்டால்தான் அடுத்தவருக்கு முறையாக எடுத்துச் சொல்ல வருமாம். இருகால் என்றால் இரண்டு தடவை, முக்கால் என்றால் மூன்று தடவை.

முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்பதும் அப்படியே ஒப்புக்கொள்ளக்கூடியதல்ல. சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 12 சிறுகதைகளை வைத்துச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்குக் கதையின் முடிவை முன்பே சொல்லிவிட்டார்கள், சிலருக்குச் சொல்லவில்லை. சராசரியாகப் பார்த்தால், தெரிந்து படித்தவர்களே அதிகம் ரசித்திருந்தார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகள் இதை மாற்றிச் சொன்னதால், ஒரேயடியாக இதையே பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். கண் அசைவை அளப்பவர்கள் சொல்வது எனக்கு அதைவிடப் பிடிக்கும். படிக்கும்போது கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஏறத்தாழக் கால் விநாடி நிற்கிறது, தாவுகிறது, நிற்கிறது. அந்தத் தாவல்களில் பத்தில் ஒன்றாவது பின்பக்கம். ஒரே தடவைதான் படிப்பேன் என்று சொல்கிறவரின் கண்ணும் திருட்டுத்தனமாகத் திரும்பிப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

எல்லாப் புத்தகமும் இதைத் தாங்காது. கொலைகாரன் யார் என்ற ஒரே முடிச்சில் தொங்கும் கதை, முடிச்சு அவிழ்ந்ததும் விழுந்துவிடும். இருபது வயதில் என்னை அழவைத்த ஒரு நாவலைப் போன மாதம் எடுத்தேன். கதாநாயகன் மரணப்படுக்கையில் ஒன்றரைப் பக்கம் பிரசங்கம் செய்கிறான். சிரித்துவிட்டேன். அதற்கு மேல் படிக்காமல் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன், அந்த இருபது வயதுக்காரனுக்குத் தெரிய வேண்டாமென்று. அப்படியிருக்க, உங்கள் மனைவியின் நாவல் வருஷா வருஷம் தாக்குப்பிடிக்கிறது என்றால் அதில் சரக்கு இருக்கிறது.

அடுத்த தடவை அவர் அதைக் கையில் எடுக்கும்போது 'மறுபடியுமா?' என்று கேட்காதீர்கள். இந்தத் தடவை எந்த இடத்தில் நின்றுவிட்டார் என்று கேளுங்கள். போன வருஷம் நின்ற இடமாக இருக்காது என்று பந்தயமே கட்டுவேன்.

அந்த முப்பது புத்தகங்களில் நீங்கள் எத்தனை படித்திருக்கிறீர்கள் என்று கடிதத்தில் காணோம். நன்னூல் சொன்னபடி மூன்றாம் தடவையும் தேடிப் பார்த்துவிட்டேன்.