மெம்ஃபிஸில் ஒரு தெரு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சொன்னதால் புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ் குழுவின் ‘மக்லமோர் அவென்யூ’ இசைத்தட்டைக் கேட்டேன். பீட்டில்ஸின் ‘அபே ரோடு’ இசைத்தட்டின் பாடல்களைக் குரலே இல்லாமல் ஆர்கனில் வாசித்திருக்கிறார்கள். ஹோட்டல் வரவேற்பறையில் ஓடும் இசைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அசல் இருக்கும்போது இது எதற்கு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதல் தடவை எனக்கும் லிஃப்டுக்குள் நிற்கிற மாதிரிதான் இருந்தது. வரிகளை மனதுக்குள் பாடிக்கொண்டே கேட்டதுதான் கோளாறு.

அவர்கள் வாசிக்கும் ஹாமண்ட் என்ற மின் ஆர்கனில் கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான். விரலை எடுக்கும்வரை ஸ்வரம் தேயாமல் நிற்கும். மூச்சே வாங்காத பாடகர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடத்தில் சலித்துவிடும். ஆகவே வாசிப்பவர் காலடிப் பெடலில் சத்தத்தை ஏற்றி இறக்குவார், டிராபார் எனும் ஒன்பது இழுப்புக் கம்பிகளை இழுத்தும் தள்ளியும் நாதத்தின் நிறத்தை மாற்றுவார், லெஸ்லி ஒலிபெருக்கிக்குள் சுழலும் கொம்பை வேகமாக விரட்டுவார். இதையெல்லாம்விட முக்கியம், எப்போது விரலை எடுப்பது என்பது. குழுவின் ஆர்கன் கலைஞர் புக்கர் டி. ஜோன்ஸ் இதில் மகா கஞ்சன். ஜாஸ் ஆர்கன் மேதை ஜிம்மி ஸ்மித் நூறு ஸ்வரம் கொட்டுகிற இடத்தில் இவர் நாலு வைப்பார். மிச்ச இடம் குழுவின் ஸ்டீவ் கிராப்பர் வாசிக்கும் கிதாருக்கு.

வரவேற்பறை இசை மெட்டைத் தொடாமல் பிரதி எடுக்கும். இவர்கள் வரிசையையே புரட்டிப்போட்டார்கள். அசலின் கடைசியில் வரும் ‘கோல்டன் ஸ்லம்பர்ஸ்’, ‘தி எண்ட்’ இங்கே பல பாடல்களைக் கோத்த ஒரு கோவையின் தொடக்கம். அசலின் முதல் பாட்டான ‘கம் டுகெதர்’ அதே கோவையின் முடிவு. கிட்டத்தட்ட 16 நிமிடம், ஒரே மூச்சில். மொத்த இசைத்தட்டில் தனிப்பாட்டாக நிற்பது ‘சம்திங்’ மட்டும்.

அட்டையையும் பாருங்கள். ‘அபே ரோடு’ அட்டையில் பீட்டில்ஸ் 1969-இல் அதே பெயருள்ள லண்டன் தெருவைக் கடந்தார்கள். அடுத்த வருடம் இந்த நால்வர் கடப்பது மக்லமோர் அவென்யூ, அமெரிக்காவின் மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் என்ற ஒலிப்பதிவு ஸ்டூடியோ இருந்த தெரு. அந்த ஸ்டூடியோ பழைய சினிமாக் கொட்டகை. 1966-இல் பீட்டில்ஸே அங்கே வந்து பதிவுசெய்ய ஆசைப்பட்டார்கள், நடக்கவில்லை. நால்வரில் இருவர் கறுப்பர், இருவர் வெள்ளையர். மார்ட்டின் லூதர் கிங் அதே ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. நான் பல காலம் அந்தப் படத்தை வெறும் கேலி என்றே நினைத்திருந்தேன்.

‘சம்திங்’கிலிருந்து மறுபடி தொடங்குங்கள். கூடவே பாடாதீர்கள்.